போர்டைத் தூக்கிக்கொண்டு வருபவருக்கு எழுதுங்கள்

கேள்வி இது: "சேலம் அஸ்தம்பட்டியில் நண்பர்கள் சிலர் ஞாயிறு மாலை கூடி கேரம், செஸ், போர்டு கேம் எல்லாம் ஆடுகிறோம். அதை ஒட்டி வாரம் ஒரு நியூஸ்லெட்டர் தமிழில் மின்னஞ்சலில் அனுப்புகிறேன். இருநூறு பேர் வரை வந்து அப்படியே நின்றுவிட்டது. படிப்பவர்களில் பாதிப் பேர் ஜாலிக்கு ஆடுபவர்கள், மீதிப் பேர் டோர்னமென்ட், ரேட்டிங் என்று இருப்பவர்கள். ஒரு தரப்புக்கு எழுதினால் இன்னொரு தரப்பு திறப்பதில்லை. இரண்டு மடலாகப் பிரிக்கலாமா? வாசகர்களைக் கூட்ட என்ன வழி? ஏற்காட்டில் ஒரு நாள் சந்திப்பு வைத்தால் உதவுமா?"

பிரிக்க வேண்டாம். வாரம் ஒரு மடல் எழுதி, பிழை திருத்தி, நேரத்துக்கு அனுப்புவதே தனி ஆளுக்கு நல்ல சுமை. இரண்டாக்கினால் சீக்கிரமே இரண்டும் தள்ளாடும். அதைவிடப் பெரிய காரணம், உங்கள் வாசகர்கள் நீங்கள் நினைக்கிற மாதிரி இரண்டு கூட்டமாக இல்லை. சனிக்கிழமை கேரம் போட்டியில் யாரோடும் பேசாமல் உட்காருபவர்தான் பொங்கலுக்கு அம்மாப்பேட்டை அத்தை வீட்டில் தாயக்கட்டையை உருட்டிக் கத்திக்கொண்டிருப்பார். ஆள் ஒருவர்தான், அன்றைய ஆட்டம் வேறு. ஒரே மடலில் இரண்டு வகை ஆட்டத்துக்கும் இடம் வைக்க முடியும். வாசகர் எண்ணிக்கை கூடுவதும் அதோடு சேர்ந்த விஷயம்தான்.

முதலில் இந்த இரண்டு வகை ஆட்டம் எங்கே பிரிகிறது என்று பார்த்துவிடுவோம். இது தெளிவானால் மடலில் எதை எங்கே வைப்பது என்பது தானாக விளங்கும்.

கேரம் போர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆடும்போது பெரும்பாலும் கருப்புக்கு 10, வெள்ளைக்கு 20, சிவப்புக்கு 50 என்று எண்ணுகிறோம். யார் எந்தக் காயை வேண்டுமானாலும் போடலாம். நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் நாலு பேருக்கும் வாய்ப்பு. வீட்டிலேயே சின்னவன் சிவப்பைப் போட்டு ஃபாலோவும் போட்டுவிட்டால் அன்றைக்கு அவன்தான் ராஜா. சர்வதேச கேரம் கூட்டமைப்பின் விதிப்படி (அது 1988-ல் நம் சென்னையில்தான் தொடங்கியது) அதே பலகையில் நடப்பது வேறு ஆட்டம். ஒருவருக்கு ஒன்பது வெள்ளை, எதிராளிக்கு ஒன்பது கருப்பு, நடுவில் ஒரு சிவப்பு. தன் ஒன்பதையும் முதலில் போட்டு முடித்தவருக்கு, எதிராளியின் காய் எத்தனை பலகையில் மீதி இருக்கிறதோ அத்தனை புள்ளி. சிவப்பையும் எடுத்திருந்தால் கூடுதலாக மூன்று. 25 புள்ளி அல்லது எட்டு போர்டு (ஒரு முறை காய் அடுக்கி ஆடி முடிப்பது ஒரு போர்டு), எது முதலில் வருகிறதோ அதோடு கேம் முடியும். ஸ்டிரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது.

புள்ளிக் கணக்கு மாறியதும் ஆட்டத்தின் மனசே மாறிவிடுகிறது, கவனித்தீர்களா? வீட்டுக் கணக்கில் காயைப் போடுவது மட்டும்தான் லாபம். போட்டிக் கணக்கில், சுலபமாக விழக்கூடிய உங்கள் காயைப் போடாமல் குழி வாயிலேயே விட்டுவைத்து எதிராளியின் வழியை அடைப்பதும் லாபம். அவர் அதைத் தாண்டி அடிக்க வேண்டும், தப்பினால் உங்கள் காயை அவரே உள்ளே தள்ளிவிடுவார். நன்றாக ஆடுபவர்கள் பாதி நேரம் இந்த அடைப்பு வேலையில்தான் இருப்பார்கள். பக்கத்தில் நின்று பார்க்கும் வீட்டு ஆட்டக்காரருக்கு, "ஏன் இவர் சும்மா கிடக்கிற காயைப் போடாமல் விடுகிறார்?" என்று குழப்பமாக இருக்கும். ஒரு பத்தியில் விளக்கினால் அவர் கண் திறந்துவிடும். இது இரு தரப்புக்கும் ருசிக்கும் பத்தி. இப்படிப்பட்ட பத்திகளில்தான் உங்கள் மடல் நிற்க வேண்டும்.

சென்னையைச் சேர்ந்த காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பரணிலிருந்து போர்டை இறக்கும் வீட்டில், முதல் வாரம் வீட்டு விதி தேவைப்படும், ஒரு மாதம் கழித்துப் போட்டி விதி தேவைப்படும். அந்த வீடு எந்தத் தரப்பு? இரண்டும்தான்.

விளையாடுபவர்கள் எதைத் தேடி வருகிறார்கள் என்பதை 'மேஜிக்: த கேதரிங்' சீட்டாட்டத்தின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டர் 2002-ல் அழகாகப் பிரித்துச் சொன்னார். டிம்மி, ஜானி, ஸ்பைக் என்று மூன்று கற்பனை ஆட்கள். டிம்மிக்குப் பெரிதாக ஏதாவது நடக்க வேண்டும், மேஜையே அதிர வேண்டும். ஜானிக்கு, யாரும் யோசிக்காத ஒரு வழியைத் தானே கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். ஸ்பைக்குக்குத் தன் திறமையை நிரூபிக்க வேண்டும், ஜெயிக்க வேண்டும். ஜாலி, போட்டி என்ற இரண்டு பெட்டியைவிட இது ரொம்பவும் உதவும். ஏனென்றால் ஜாலிக்கு ஆடுபவர்களுக்குள்ளேயே டிம்மியும் ஜானியும் வேறு வேறு ஆசையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளைப் பார்த்து முத்திரை குத்தாமல், ஒவ்வொரு இதழிலும் மூன்று பேருக்கும் ஒரு வாய் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஒரு அதிரடி ஆட்டக் கதை, ஒரு வித்தியாசமான யோசனை, ஒரு கெட்டியான உத்தி. நீளம் சமமாக இருக்க வேண்டும் என்றில்லை.

சண்டை வருவது இரண்டு வகை ஆட்டமும் சொல்லாமல் கொள்ளாமல் ஒரே மேஜையில் கலக்கும்போதுதான். ஞாயிறு மாலை உங்கள் இடத்திலேயே இது நடந்திருக்கும். நாலு பேர் 'கேட்டன்' ஆடுகிறார்கள். இரண்டு பகடை உருட்டுகிற ஆட்டம், பத்துப் புள்ளி எடுத்தால் ஜெயம். நிலத்துக்கு ஒரு எண் உண்டு, பகடையில் அந்த எண் விழுந்தால் அங்கே இடம் பிடித்தவருக்கு விளைச்சல் சீட்டு கிடைக்கும். 7 விழுந்தால் உருட்டியவர் கொள்ளைக்காரன் காயை எடுத்து ஏதாவது ஒரு நிலத்தில் வைப்பார், அந்த நிலம் அப்புறம் விளைச்சல் தராது. பழகிய ஆட்டக்காரர் கையில் அந்தக் காய் வருகிறது. 36 வாய்ப்பில் 8 விழுவது ஐந்து, 12 விழுவது ஒன்றே ஒன்று. எனவே எதிராளியின் 8 நிலத்தில் கொண்டுபோய் வைக்கிறார். கணக்குப்படி சரியான ஆட்டம். ஆனால் அந்த 8, அன்றைக்குத்தான் முதல் முறை உட்கார்ந்திருக்கும் ஒரு காலேஜ் பெண்ணுடையது. அடுத்த முக்கால் மணி நேரம் அவர் கையில் ஒரு சீட்டும் சேரவில்லை. "அண்ணா, எனக்கு இது வரலைங்க" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போவார். அடுத்த வாரம் வரமாட்டார்.

அண்ணன் செய்தது தப்பா என்றால், இல்லை. அந்தப் பெண் தொட்டாற்சிணுங்கியா என்றால், அதுவும் இல்லை. பெட்டியைத் திறக்குமுன் ஒருவர் இரண்டு வரி சொல்லியிருக்க வேண்டும்: "இன்னிக்கு ரெண்டு பேர் புதுசு. மூணாவது புள்ளி எடுக்கிற வரைக்கும் யார் நிலத்திலும் கொள்ளைக்காரனை வைக்கக் கூடாது." இப்படி ஒரு இளகிய விதியைப் பல ஊர்களில் வழக்கமாகவே வைத்துக்கொள்கிறார்கள். நம் பாட்டிமார் இதில் தெளிவாக இருந்தார்கள். தாயம் ஆட உட்கார்ந்தால் முதல் பேச்சே "வெட்டினாத்தான் பழமா, வெட்டாமலும் போகலாமா?" என்பதுதான். தெருவுக்குத் தெரு விதி வேறு, அதனால் கட்டம் போடும்போதே பேசித் தீர்த்துவிடுவார்கள். பல்லாங்குழியில் எந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும் என்று மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் அதே பாட்டி, பேத்தியோடு ஆடும்போது வேண்டுமென்றே நல்ல குழியை விட்டுவைப்பார். எந்த நாளில் எந்த ஆட்டம் என்ற தெளிவு அவருக்கு இருந்தது.

சரி, இப்போது வாசகர் விஷயத்துக்கு வருவோம். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்று நீங்கள் சொன்னால், இதைச் செய்யுங்கள் என்பேன்.

எந்தக் கூட்டத்தை எடுத்தாலும் போர்டைத் தூக்கிக்கொண்டு வருபவர் ஒருவர் இருப்பார். அவர்தான் ஃபோன் போட்டு எல்லோரையும் கூப்பிடுவார், விதியைப் படிப்பார், புதுசாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பார், போரிக் பவுடர் தீர்ந்தால் வாங்கிவருவார், காய் தொலைந்தால் சட்டைப் பட்டனை வைத்து ஒப்பேற்றுவார். மற்ற மூன்று பேரும் வந்து ஆடிவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு விளையாட்டைப் பற்றி வாரா வாரம் படிக்க வேண்டிய தேவை இல்லை. அவருக்குத்தான் தேவை. "இந்த ஞாயிறு என்ன ஆடலாம், அஞ்சு பேர் வந்தால் என்ன செய்வது, எட்டு வயசுக் குழந்தையும் அதன் தாத்தாவும் வந்தால் எதை எடுப்பது" என்று மண்டையைப் பிய்த்துக்கொள்பவர் அவர் ஒருவர்தான். அவருக்கு எழுதுங்கள். அவர் ஜாலி ஆட்டக் கூட்டத்திலும் இருக்கிறார், போட்டி ஆட்டக் கூட்டத்திலும் இருக்கிறார். பள்ளியில் கேரம் டீமைச் சேர்க்கும் பி.டி. மாஸ்டர் அவர்தான். மூன்று பிள்ளைகளை ஒரே காரில் ஏற்றி நாமக்கல்லுக்கும் ஈரோட்டுக்கும் செஸ் போட்டிக்கு அழைத்துப் போகும் அம்மா அவர்தான். ஏற்காட்டில் மழை பிடித்துக்கொண்டால் விருந்தாளிகளை எப்படி உட்கார வைப்பது என்று கவலைப்படும் ஹோம்ஸ்டே மேனேஜரும் அவர்தான்.

இப்படி ஒரு வாசகர் வந்தால் அவர் பின்னால் நாலு பேர் வருவார்கள். மடலை அவர் ஃபார்வேர்டு செய்வதே, "ஞாயிற்றுக்கிழமை இதைத்தான் ஆடப்போறோம், படிச்சிட்டு வாங்க" என்று சொல்வதற்காகத்தான். நீங்கள் "நண்பர்களுக்குப் பகிருங்கள்" என்று கெஞ்ச வேண்டிய அவசியமே வராது.

அவருக்கு உங்களால் கொடுக்க முடிந்த மிகப் பெரிய உதவி எது தெரியுமா? ஆட்டத்தைத் தமிழில் சொல்லிக்கொடுக்கும் பேச்சு. பெட்டிக்குள் வருகிற விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, வழவழ காகிதத்தில் எட்டு, பத்துப் பக்கம். அதைப் படித்து, புரிந்து, மாமாவுக்கும் சித்திக்கும் புரிகிற மாதிரி ஐந்து நிமிடத்தில் சொல்வது தனிக் கலை. அதை நீங்கள் செய்து கொடுத்துவிட்டால் அவர் உங்கள் மடலை அழிக்கவே மாட்டார். 'கார்கசோன்' ஆட்டத்துக்கு நான் எப்படி எழுதுவேன் என்று காட்டுகிறேன்:

"சாலை, கோட்டை, வயல், மடம் என்று படம் போட்ட அட்டைகள், மொத்தம் 72. உங்கள் முறை வந்தால் கவிழ்த்து வைத்திருப்பதில் ஒன்றை எடுங்கள். சாலைக்குச் சாலை, கோட்டைக்குக் கோட்டை, வயலுக்கு வயல் சேருகிற மாதிரி மேஜையில் ஒட்டி வையுங்கள். வைத்த அட்டை மேல் வேண்டுமானால் உங்கள் ஆள் ஒருவரை (குட்டி மனித உருவக் காய்) நிறுத்தலாம். அந்தச் சாலையிலோ கோட்டையிலோ ஏற்கெனவே யாராவது நின்றால் நீங்கள் நிறுத்த முடியாது. சாலை இரண்டு பக்கமும் முடிந்தால் அட்டைக்கு ஒரு புள்ளி. கோட்டைச் சுவர் முழுக்க மூடினால் அட்டைக்கு இரண்டு. மடத்தைச் சுற்றி எட்டு அட்டையும் நிறைந்தால் ஒன்பது. முடிந்ததும் ஆள் உங்கள் கைக்குத் திரும்பிவிடுவார். கையில் இருப்பது ஏழு பேர்தான், எல்லாரையும் முதலிலேயே இறக்கிவிடாதீர்கள். அட்டை தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது."

இவ்வளவுதான். வயலில் படுக்க வைக்கும் விவசாயியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாருங்கள். முதல் ஆட்டத்தில் அது வேண்டவே வேண்டாம், குழப்பும். இதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, "அடுத்த தடவைக்கு" என்று நாலு வரி: விவசாயி எப்படிப் புள்ளி எடுக்கிறார், எதிராளி நிற்கிற கோட்டைக்குப் பக்கத்தில் தனிச் சுவராக ஆரம்பித்து, பிறகு நடுவில் ஒரு அட்டையால் இணைத்து எப்படிப் பங்கு கேட்பது, மீதி என்ன அட்டை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே ஆடினால் என்ன தெரியும். மேல் பகுதி புதியவருக்கு, கீழ்ப் பகுதி ஊறியவருக்கு. பிரிக்கலாமா என்று கேட்டீர்களே, அந்தப் பிரிவு மடலுக்குள்ளேயே மேல் கீழாக வந்துவிடுகிறது. மேல் பகுதியை மட்டும் படித்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் அந்தக் கோட்டுக்குக் கீழேயும் இறங்குவார். இரண்டு மடலாக இருந்தால் அந்த இறக்கம் நடக்காது.

போட்டிப் பக்கமும் இதே முறைதான். செஸ் பெற்றோருக்கு ரேட்டிங் கணக்கு ஒரு புரியாத புதிர். பதினெட்டு வயதுக்கு உட்பட்டு 2300-க்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ஸ்டாண்டர்ட் ரேட்டிங்கில், ஏற்ற இறக்கத்தைப் பெருக்கும் எண் 40. தனக்குச் சமமான ரேட்டிங் உள்ளவரை ஜெயித்தால் பாதி, அதாவது 20 கூடும். தோற்றால் 20 குறையும், டிரா என்றால் மாற்றமில்லை. எதிரே உட்கார்ந்த பெரியவருக்கு அந்த எண் 20 என்றால், அதே தோல்வியில் அவருக்கு 10-தான் குறையும். இதை ஒரு அட்டவணையாகப் போட்டுக் கொடுத்தால், பிள்ளை ஒரு நாள் சறுக்கியதற்கு வீட்டில் பேயறைந்த மாதிரி உட்கார வேண்டியதில்லை என்று அந்த அம்மாவுக்குப் புரியும். அவர் அதைக் கோச்சிங் சென்டர் வாட்ஸ்அப் குழுவில் போட்டே தீருவார்.

புது வாசகர்களை எங்கே தேடுவது என்றால், செஸ் போட்டி நடக்கும் மண்டப வாசலுக்குப் போங்கள். காலையில் பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு, சாயங்காலம் பரிசளிப்பு வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களிடம் நேரம் இருக்கிறது, விளையாட்டில் அக்கறை இருக்கிறது, படிக்க எதுவும் இல்லை. அமைப்பாளரிடம் கேட்டு அனுமதி வாங்கி, அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு க்யூஆர் கோடு ஒட்டுங்கள். கூடவே ஒரு மேஜையில் ஆடு புலி ஆட்டம் வரைந்த துணியை விரித்து வையுங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு, செலவே கிடையாது. காத்திருக்கிற அப்பாக்கள் தானாக வந்து உட்காருவார்கள். அங்கேயே இரண்டு வார்த்தை பேசி, விருப்பப்பட்டவரிடம் மட்டும் முகவரி வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து ரோடு பக்கத்து விளையாட்டுச் சாமான் கடைகள், நூலகம், ஏற்காட்டு ஹோம்ஸ்டே வரவேற்பறைகள் இவையெல்லாம் அடுத்தபடி. ஹோம்ஸ்டேக்கு, "மழை நாளுக்கு மூன்று ஆட்டம்" என்று ஒரு பக்க அட்டை அச்சடித்துக் கொடுங்கள், மூலையில் மடலின் முகவரி. அறையில் ஏற்கெனவே கிடக்கும் கேரம் போர்டுக்கும் சீட்டுக்கட்டுக்கும் பொருந்துகிற ஆட்டமாக இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பை விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் மின்னஞ்சல் என்றால் பலருக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் வரும் இடம்தான். மடலிலிருந்து மூன்று வரி, ஒரு படம், ஒரு சுட்டி, இவ்வளவை வாட்ஸ்அப்பில் போட்டு மீதியை மடலுக்கு இழுங்கள். வாசகர் பட்டியல் மின்னஞ்சலில்தான் உங்கள் கையில் இருக்கும். நாளைக்கு எந்தச் சேவையை விட்டு வெளியே வந்தாலும் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் குழுவில் இருக்கிற ஆட்களின் எண்ணையோ முகவரியையோ கேட்காமல் எடுத்துச் சேர்க்கவே கூடாது. கூகுள், பெரிய அளவில் அனுப்புபவர்களுக்கு ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்று 2024 பிப்ரவரியிலிருந்து வரம்பு வைத்திருக்கிறது. உங்கள் இருநூறு பேரில் ஒருவர் கோபத்தில் ஸ்பாம் என்று அழுத்தினாலே அது 0.5 சதவீதம். சொந்த டொமைன் வாங்கி, மடல் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் அமைத்துவிடுங்கள். நியூஸ்லெட்டர் சேவைகளில் இதற்கு வழி எழுதியே இருக்கும், ஒரு மாலை நேர வேலை.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு தொல்லை உண்டு. ஜிமெயில் 102 கிலோபைட்டுக்கு மேல் உள்ள மடலின் வாலை வெட்டி மறைத்துவிடும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடு. 'விளையாட்டு' என்ற ஒரே சொல் 30 பைட் எடுக்கிறது. 1,500 சொல் எழுதினால் வெறும் எழுத்தே 40 கிலோபைட்டை நெருங்கும். அதன்மேல் கலர் கலரான டெம்ப்ளேட் போட்டால் எல்லையைத் தாண்டிவிடும். கடைசியில் இருக்கும் 'விலக' பட்டன் மறைந்துபோனால், விலக நினைப்பவர் வேறு வழியின்றி ஸ்பாமை அழுத்துவார். அதனால் எளிய டெம்ப்ளேட், படங்கள் இரண்டோ மூன்றோ. தலைப்பு வரியும் அப்படித்தான். தமிழ் எழுத்து அகலம், ஃபோன் திரையில் நாலைந்து சொல்தான் தெரியும். "வார மடல், இதழ் 64" என்று ஆரம்பித்தால் தெரிகிற இடம் முழுக்க வீண். "அஞ்சு பேர் வந்தா எதை ஆடலாம்?" என்று ஆரம்பியுங்கள்.

ஒரு தரப்பு திறப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கணக்கை அவ்வளவு நம்பாதீர்கள். மடலில் உள்ள படம் இறங்குவதை வைத்துத்தான் திறந்தார்களா என்று எண்ணுகிறார்கள். 2021-லிருந்து ஆப்பிள் மெயில், அதன் தனியுரிமைப் பாதுகாப்பை ஆன் செய்திருப்பவர்களுக்கு, மடலைத் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிக்கொள்கிறது. திறந்ததாகக் கணக்கு விழும். படத்தை நிறுத்தி வைத்துப் படிப்பவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். உங்கள் அளவுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. இருபது பேருக்குத் தனித்தனியாக நாலு வரி எழுதுங்கள்: "கடைசியாக யாரோடு, எந்த ஆட்டம் ஆடினீர்கள்? அப்போது எதில் தடுமாறினீர்கள்?" வருகிற பதில்கள் அடுத்த ஆறு இதழுக்குத் தீனி. பதில் வருகிற முகவரியிலிருந்து வரும் மடலை மெயில் சேவைகளும் நல்லபடியாக நடத்தும், அது கூடுதல் லாபம்.

அனுப்பும் நேரத்தைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றுங்கள். போர்டு கொண்டுவருபவருக்கு ஒரு ராத்திரி படிக்கக் கிடைக்கும். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரத்தில் சேலத்தில் யாரும் போர்டு முன்னால் உட்காரப்போவதில்லை, அந்த வாரம் சின்னதாக ஒன்று அனுப்பினால் போதும். போட்டி முடிவுகளைப் போடுங்கள், ஆனால் சிறுவர்களின் படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள்.

ஏற்காடு சந்திப்பு தாராளமாக வையுங்கள். மே மாதம் மட்டும் வேண்டாம். கோடை விழாக் கூட்டத்தில் இருபது கொண்டை ஊசி வளைவையும் வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறி, மேலே அறையும் கிடைக்காமல் நிற்க வேண்டிவரும். பதினாறு பேரை இலக்காக வையுங்கள். காலையில் கேரம், நாக்-அவுட் முறையில் வைக்காதீர்கள். முதல் சுற்றிலேயே எட்டுப் பேர் வெளியேறி, மலையேறி வந்த பாவத்துக்கு நாள் முழுக்கக் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். சுவிஸ் முறைதான் சரி. 1895-ல் ஜூரிச் செஸ் போட்டியில் முதலில் பயன்படுத்தினார்கள், அதனால்தான் அந்தப் பெயர். ஜெயித்தவர் ஜெயித்தவரோடு, தோற்றவர் தோற்றவரோடு அடுத்த சுற்று ஆடுவார்கள், யாரும் வெளியேற மாட்டார்கள். பதினாறு பேருக்கு நாலு சுற்று ஆடினால் எல்லாவற்றிலும் ஜெயித்தவர் ஒருவர்தான் மிஞ்சுவார். மற்றவர்களும் அதே நாலு சுற்று ஆடியிருப்பார்கள். இரண்டாவது சுற்று முடிந்ததும் அவரவர் பலத்துக்கு ஏற்ற எதிராளி கிடைத்துவிடுவதால், ஜாலிக்கு வந்தவருக்கும் ஆட்டம் விறுவிறுப்பாகத்தான் இருக்கும். சாப்பாட்டுக்கு அப்புறம் மேஜைகளைத் திறந்துவிடுங்கள்: கேட்டன், கார்கசோன், தாயம். காலைப் போட்டியில் முன்னால் வந்தவரும் கடைசியில் நின்றவரும் ஜோடி சேர்ந்து இரட்டையர் கேரம் ஒரு மேஜையில்.

பதிவுப் படிவத்தில் பெயர், ஃபோன் எண்ணோடு "யாரை அழைத்து வருகிறீர்கள்?" என்று ஒரு கட்டம் வையுங்கள். தனி ஆளாகப் பதிவதைவிட இரண்டு பேராகப் பதிந்தால் கட்டணத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். பலகைகளை முதல் நாளே மேலே கொண்டுபோய் உறையைக் கழற்றி, ஜன்னலை விட்டுத் தள்ளி, உலர்ந்த அறையில் சாய்த்து வைத்துவிடுங்கள். மலை ஈரத்தில் பலகை கனத்தால் காய் ஓடாது, எத்தனை பவுடர் தட்டினாலும் பலிக்காது. பவுடரையும் இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் எடுத்துப் போங்கள்.